கோட்டை மியூசியத்தில் போர் வரலாறு: ஆசிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்னை செயின்ட் ஜார்ஜ் கோட்டை அருங்காட்சியகத்துக்குள் போனதும் பிள்ளைகள் ஓடுவது வாளும் துப்பாக்கியும் இருக்கும் பக்கம்தான். அவர்கள் ஓடட்டும், அது இயல்பு. ஆசிரியரும் கூடவே போய், போர் வரலாறு என்றால் ஆயுதம்தான் என்று அங்கேயே பாடத்தை முடித்துவிடுவதுதான் முதல் தவறு. நானும் சில வருடங்கள் அப்படித்தான் செய்தேன்.

அங்கே போரைப் பற்றி அதிகம் பேசுவது, என்னைக் கேட்டால், ஒரு சிலை. தாமஸ் பேங்க்ஸ் என்ற ஆங்கிலச் சிற்பி செதுக்கிய, திப்புவுக்கு எதிராகப் படை நடத்திய கவர்னர் ஜெனரல் காரன்வாலிஸ் பிரபுவின் பளிங்குச் சிலை அது. எல்லோரும் அண்ணாந்து முகத்தைப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் கீழே, பீடத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். மூன்றாம் மைசூர்ப் போர் முடிந்து, 1792இல் மைசூரை ஆண்ட திப்பு சுல்தானின் இரண்டு மகன்கள் ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் பிணையாக ஒப்படைக்கப்படும் காட்சி அதில் இருக்கிறது.

இங்கேதான் அடுத்த தவறு நடக்கும். பக்கத்தில் இருக்கும் விவரப் பலகையை நாம் உரக்கப் படித்துவிடுவோம். விடை வந்துவிட்டால் அப்புறம் யார் பார்ப்பார்கள்? ஐந்து நிமிடம் பேசாமல் இருங்கள். ஒருமுறை அப்படி நின்றபோது எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி, “சார், இந்தப் பசங்க நம்ம வயசுதானே இருப்பாங்க?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு நான் சொன்ன ஒவ்வொன்றும் அவர்கள் காதில் ஏறியது. திப்பு தன் நாட்டில் பாதியைக் கொடுக்க வேண்டியிருந்தது. 3 கோடியே 30 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும், அதுவரை பிள்ளைகள் பிணை. சென்னையில் வைக்கப்பட்டிருந்த அவர்கள் 1794இல்தான் அப்பாவிடம் திரும்பினார்கள். திண்டுக்கல்லும், கிருஷ்ணகிரி, தர்மபுரி அடங்கிய பாராமகாலும் கம்பெனி கைக்கு வந்தது இந்த உடன்படிக்கையால்தான். அந்த ஊர்ப் பிள்ளை வகுப்பில் இருந்தால் அவனிடம் இதைச் சொல்லிப் பாருங்கள்.

கண்ணெதிரே பொருள் இருக்கிறது என்பதாலேயே அது சொல்வதை அப்படியே நம்பிவிடுவதும் தவறு. இந்தச் சிலையை வைத்தது வென்ற தரப்பு. ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்புவின் தரியா தௌலத் மாளிகைச் சுவர் ஓவியத்தின் படம் ஒன்றைக் கையோடு கொண்டுபோய்ப் பக்கத்தில் காட்டுங்கள். 1780 செப்டம்பர் 10 அன்று காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் கம்பெனிப் படை தோற்றதை அது காட்டுகிறது. வெடிமருந்து வண்டி வெடிக்கிறது, கம்பெனித் தளபதி பெய்லி பல்லக்கில் கிடக்கிறார். அதுவும் வென்றவர் வரைய வைத்ததுதான். இரண்டையும் சேர்த்துப் பார்த்து, “இதில் யாரைக் காட்டவில்லை?” என்று கேட்க வேண்டும். பெய்லியின் படையில் பெரும்பாலோர் இந்தியச் சிப்பாய்கள் என்று தெரியும்போது, ‘நாம், அவர்கள்’ என்று சுலபமாகப் பிரித்துப் பேச முடியாமல் போகும்.

மைசூர்ப் படை போரில் ஏவிய ராக்கெட் விஷயத்தில் பெருமை நம்மை இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. “ராக்கெட்டைக் கண்டுபிடித்தவர் திப்பு” என்று சொல்லாதீர்கள், ராக்கெட் அதற்கு முன்பே உண்டு. திப்புவின் அப்பா ஹைதர் அலியும் திப்புவும் செய்த பெரிய மேம்பாடு, மருந்தை அடைக்க இரும்புக் குழாய். 2018இல் சிவமொக்கா மாவட்டம் நகராவில் ஒரு பழைய கிணற்றிலிருந்து அப்படிப்பட்ட ராக்கெட்டுகள் ஆயிரத்துக்கும் மேல் கிடைத்தன. அதன் படத்தைக் காட்டி, தீபாவளி ராக்கெட்டின் அட்டைக் குழாயோடு ஒப்பிடச் சொல்லுங்கள். இரும்பு அதிக அழுத்தத்தைத் தாங்கும், அதனால் இன்னும் தூரம் போகும் என்பதை அவர்களே சொல்லிவிடுவார்கள். மூங்கில் கழி எதற்கு என்றும் கேளுங்கள். குச்சி ஒடிந்த ராக்கெட் எப்படித் திசைமாறிப் பாயும் என்று தெரியாத பிள்ளை நம் ஊரில் கிடையாது. எங்கே போய் விழுந்தது, அங்கே யார் நின்றார்கள் என்பதையும் அதே மூச்சில் பேசிவிடுங்கள்.

நாற்பது கேள்வி உள்ள தாளைக் கையில் கொடுத்து அனுப்புவதும் வேண்டாம். பிள்ளைகள் பலகையைத்தான் பார்த்து எழுதுவார்கள், பொருளைப் பார்க்க மாட்டார்கள். ஒரு நாளைக்கு மூன்று பொருள் போதும். தலைமைச் செயலகமும் அதே வளாகத்தில் இருப்பதால் வாசலில் சோதனைக்கே கொஞ்ச நேரம் போய்விடும். அதையும் கணக்கில் வைத்து, பீடத்தின் முன் நிற்க அரை மணி நேரமாவது ஒதுக்கிக்கொள்ளுங்கள்.