35 கேள்விகள், 20 நிமிடங்கள்: வங்கி எழுத்தர் தேர்வின் கணக்குப் பகுதிக்குத் தயாராவது எப்படி?

பொதுத்துறை வங்கிகளின் எழுத்தர் (இப்போது ‘கஸ்டமர் சர்வீஸ் அசோசியேட்’ என்று பெயர்) பணிக்காக, வங்கிப் பணியாளர் தேர்வு நிறுவனமான ஐபிபிஎஸ் நடத்தும் முதல்நிலைத் தேர்வில், எண்ணியல் திறன் பகுதிக்கு 35 கேள்விகளும் 20 நிமிடங்களும் ஒதுக்கப்பட்டுள்ளன. வகுத்துப் பார்த்தால் ஒரு கேள்விக்கு ஏறத்தாழ 34 வினாடிகள்தான். கேட்கப்படுபவை பெரும்பாலும் பத்தாம் வகுப்புக்குள் அடங்கிவிடும் கணக்குகளே. ஆயினும், பள்ளியில் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள் பலர் இங்கே தடுமாறுகிறார்கள். எடுத்த கணக்கை முடிக்காமல் விடக்கூடாது என்று பள்ளியில் படிந்த பழக்கமே அதற்குக் காரணம் என்பது என் கருத்து. எதை விட்டுவிட்டு நகர வேண்டும் என்று சட்டென முடிவெடுக்கத் தெரிந்தவருக்கே இந்தப் பகுதி வசப்படும். ஆகவே தயாரிப்பையும் அதற்கேற்ப அமைத்துக்கொள்ள வேண்டும்.

முதலில் தேர்வின் அமைப்பைத் தெளிவாகத் தெரிந்துகொள்ளுங்கள். ஆங்கிலத்துக்கு 30, எண்ணியல் திறனுக்கு 35, பகுத்தறியும் திறனுக்கு 35 என மொத்தம் 100 கேள்விகள்; ஒவ்வொரு பகுதிக்கும் தனித்தனியே 20 நிமிடங்கள். ஒரு பகுதியில் மிச்சப்படுத்திய நேரத்தை இன்னொரு பகுதிக்குக் கொண்டுபோக முடியாது. கால்குலேட்டருக்கு அனுமதி இல்லை. தவறான விடைக்குக் கால் மதிப்பெண் கழிக்கப்படும். முதல்நிலைத் தேர்வின் மதிப்பெண் முதன்மைத் தேர்வுக்குள் நுழைவதற்கு மட்டுமே பயன்படும்; இறுதிப் பட்டியலில் அது சேராது. எனவே இங்கே முதலிடம் பிடிக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, கட்-ஆஃபை, அதாவது தேர்ச்சிக்கான குறைந்தபட்ச மதிப்பெண்ணை, பாதுகாப்பாகத் தாண்டினால் போதும். 2021-ஆம் ஆண்டு மத்திய நிதி அமைச்சகம் எடுத்த முடிவின்படி, எழுத்தர் தேர்வு தமிழ் உள்ளிட்ட 13 வட்டார மொழிகளிலும் நடத்தப்படுகிறது. தமிழில் எழுதப் போகிறவர்கள் தனிவட்டி, கூட்டுவட்டி, குறித்த விலை, தள்ளுபடி, சராசரி போன்ற சொற்களோடு முன்கூட்டியே பழகிவிடுவது நல்லது. தேர்வறையில் சொல்லுக்குப் பொருள் யோசித்துக்கொண்டிருக்க நேரம் இருக்காது.

முதல் மூன்று வாரங்களைக் கைக்கணக்குக்கே கொடுத்துவிடுங்கள். இந்த அடித்தளம் இல்லாமல் மாதிரித் தேர்வுகளுக்குத் தாவுகிறவர்கள்தான், ஒரு மாதம் கழித்து, மதிப்பெண் ஏறவே இல்லை என்று சோர்ந்துபோகிறார்கள். 20 வரை வாய்ப்பாடு, 30 வரை வர்க்கம், 15 வரை கனம் ஆகியவை யோசிக்காமல் வாயில் வர வேண்டும். அதைவிட முக்கியமானது பின்னத்துக்கும் சதவீதத்துக்கும் உள்ள உறவு: எட்டில் ஒன்று 12.5, ஆறில் ஒன்று 16.67, ஏழில் ஒன்று 14.29, பதினொன்றில் ஒன்று 9.09, பன்னிரண்டில் ஒன்று 8.33. இவை மனத்தில் பதிந்திருந்தால் என்ன நடக்கும் என்பதை ஒரு கணக்கில் பார்க்கலாம். 640-இல் 37.5 சதவீதத்தோடு 180-இல் 16⅔ சதவீதத்தைக் கூட்டி, அதிலிருந்து 14-இன் வர்க்கத்தைக் கழிக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். தசமத்தில் பெருக்கத் தொடங்கினால் ஒரு நிமிடம் ஓடிவிடும். 37.5 என்பது எட்டில் மூன்று என்று தெரிந்தவர் 640-ஐ எட்டால் வகுத்து, 80-ஐ மூன்றால் பெருக்கி 240 என்பார், ஆறில் ஒன்று 30, கூட்டினால் 270, 196 போக 74. பத்து வினாடிக் கணக்கு இது. பெருக்கலிலும் இப்படித்தான்: 98-ஐ 76-ஆல் பெருக்க, 7600-இலிருந்து 152-ஐக் கழித்தால் 7448 வந்துவிடும். சதவீதம், விகிதம் போன்ற பாடங்களின் அடிப்படையே மறந்துபோனவர்கள், விலை கொடுத்துத் தடித்தடியான புத்தகங்களை வாங்குவதற்கு முன், தமிழ்நாடு பாடநூல் கழகம் இலவசமாகத் தரும் ஏழாம், எட்டாம் வகுப்புக் கணக்குப் புத்தகங்களைப் புரட்டிப் பார்க்கலாம். இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

அடுத்து கேள்வி வகைகளைப் பிரித்துப் பழக வேண்டும். சுருக்குதலும் தோராய மதிப்பும் வழக்கமாகப் பெரும்பங்கு பிடிக்கும். எண் தொடரும் அட்டவணை அல்லது வரைபடத்தைப் படித்து விடையளிப்பதும் பெரும்பாலும் ஐந்தைந்து கேள்விகளாக வரும். எஞ்சியவை லாப நட்டம், வட்டி, வேலையும் நேரமும், படகும் ஓடையும் போன்ற வாக்கியக் கணக்குகள். எண் தொடரைப் பார்த்ததும் வித்தியாசத்தை எடுக்கத் தொடங்காமல், தொடர் எவ்வளவு வேகமாக வளர்கிறது என்பதை முதலில் கவனியுங்கள். 7, 8, 18, 57, 232 என்ற தொடரில் 57-லிருந்து 232-க்கு ஏறத்தாழ நான்கு மடங்கு தாவல். 18-லிருந்து 57-க்கு மூன்று மடங்குக்குச் சற்று மேல். உடனே பெருக்கல் இருக்கிறது என்று தெரிந்துவிடுகிறது. ஒன்றால் பெருக்கி ஒன்று கூட்டு, இரண்டால் பெருக்கி இரண்டு கூட்டு என்று போகிறது. அடுத்த எண் 1165. முப்பது வினாடிக்குள் இப்படி ஒரு வழி புலப்படாவிட்டால் அந்தத் தொடரை விட்டுவிடுங்கள்.

அட்டவணைக் கேள்விகளில் பிழை பெரும்பாலும் கணக்கில் நேர்வதில்லை, எதை அடிப்படையாக வைத்து வகுப்பது என்பதில்தான் நேர்கிறது. ஒரு வங்கிக் கிளையில் உள்ள கணக்குகளின் எண்ணிக்கை ஓராண்டில் 480-இலிருந்து 552 ஆக உயர்ந்தால் உயர்வு 72. அதை 480-ஆல் வகுத்து 15 சதவீதம் என்று சொல்ல வேண்டும். கேள்வியோ, முந்தைய ஆண்டு நிகழாண்டைவிட எத்தனை சதவீதம் குறைவு என்று திருப்பிக் கேட்கும். அப்போது அதே 72-ஐ 552-ஆல் வகுக்க வேண்டும். விடை 13 சதவீதத்துக்குச் சற்று மேல். கொடுக்கப்படும் விடைகளில் 15-உம் காத்துக்கொண்டிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. ஆகவே, ‘எதைவிட’, ‘எதில்’ என்பதைக் காட்டும் சொல்லைக் கண்டதும் அந்த எண்ணை முதலில் பின்னத்தின் கீழே எழுதிவிட்டு, பிறகு மேலே நிரப்பும் பழக்கத்தை வளர்த்துக்கொள்ளுங்கள்.

நான் முதன்முதலாக இத்தகைய தேர்வு எழுதியபோது ஒரு படகுக் கணக்கில் நான்கு நிமிடங்களைத் தொலைத்தேன். விடை வந்தது, சரியாகவும் இருந்தது. ஆனால் கடைசியில் இருந்த ஐந்து சுருக்குதல் கேள்விகளை நான் பார்க்கவே இல்லை. அதன்பிறகு கேள்வித்தாளை இரண்டு சுற்றாகப் பார்க்கத் தொடங்கினேன். முதல் சுற்றில் சுருக்குதல், எளிய தொடர், ஒரே வரியில் முடியும் வாக்கியக் கணக்கு ஆகியவற்றை மட்டும் எடுப்பேன். அட்டவணை எளிதாகத் தோன்றினால் அதையும் சேர்த்துக்கொள்வேன். பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடங்களில் அது முடிந்தால், மீதி நேரம் விட்டுவைத்தவற்றுக்கு.

தெரியாத கேள்விக்குக் குத்துமதிப்பாக விடை குறிக்கலாமா என்று பலர் கேட்பதுண்டு. ஐந்து விடைகளில் ஒன்றைக் கண்ணை மூடிக்கொண்டு குறித்தால், ஐந்து முறையில் சராசரியாக ஒரு முறை ஒரு மதிப்பெண் கிடைக்கும், நான்கு முறை கால் கால் மதிப்பெண்ணாக ஒரு மதிப்பெண் போகும். ஆக மொத்தம் பூஜ்யம். இரண்டு விடைகள் நிச்சயமாகத் தவறு என்று நீக்கிவிட முடிந்தால் கணக்கு நமக்குச் சாதகமாகத் திரும்பும். மீதமுள்ள மூன்றில் ஒன்றைக் குறிப்பதில் சராசரியாக ஆறில் ஒரு மதிப்பெண் லாபம். கடைசி இலக்கத்தைப் பார்த்தும், விடை இருக்க வேண்டிய அளவைப் பார்த்தும் இரண்டை நீக்குவது பல கேள்விகளில் முடிகிற காரியமே. டிஎன்பிஎஸ்சி குரூப் 4 தேர்வில் வரும் 25 திறனறிக் கேள்விகளுக்கு இந்தக் கவலையே வேண்டாம். அங்கே தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பு இல்லாததால் எதையும் விட்டுவைக்கக் கூடாது.

நான்காவது வாரத்திலிருந்து வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று மாதிரித் தேர்வுகள் போதும். அவற்றைக் கணினித் திரையில்தான் எழுத வேண்டும். தாளில் அச்சான கணக்கின் மேலேயே அடித்துத் திருத்திப் பழகிய கைக்கு, திரையில் பார்த்துத் தனித்தாளில் போடுவது தொடக்கத்தில் தடுமாற்றமாக இருக்கும். குறிப்புத் தாளை நான்காக மடித்து, ஒவ்வொரு கணக்குக்கும் கேள்வி எண்ணை எழுதிப் போட்டால், இரண்டாம் சுற்றில் பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். தேர்வு எழுதிய நேரத்தைப்போல் இரு மடங்கு நேரத்தை அதை அலசுவதற்குச் செலவிடுங்கள். தவறியவற்றை ஒரு நோட்டில் குறிக்கும்போது, முறை தெரியாமல் தவறியதா, கூட்டலில் தவறியதா, கேள்வியைச் சரியாகப் படிக்காமல் தவறியதா என்று பக்கத்தில் எழுதிவையுங்கள். சரியாகப் போட்டிருந்தாலும் ஒரு நிமிடத்துக்கு மேல் எடுத்த கணக்குகளையும் அந்த நோட்டில் சேர்க்க வேண்டும்.

தேர்வு நாளன்று, விடையைத் தேர்ந்தெடுத்தபின் சேமித்து அடுத்த கேள்விக்குச் செல்லும் பொத்தானை அழுத்த மறக்காதீர்கள். பக்கத்தில் இருக்கும் எண் பலகையில் வேறொரு கேள்வியை அழுத்தித் தாவினால், தேர்ந்தெடுத்த விடை பதிவாகாது. கடைசி ஒரு நிமிடத்தில் புதிய வாக்கியக் கணக்கைத் தொடங்காமல், அந்த எண் பலகையில் பச்சை நிறம் வராத கேள்விகளில் விடை கண்டும் பதியாமல் போனது ஏதேனும் உண்டா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.