அடுப்புக்கு மேலே மசாலா டப்பா வேண்டாம்

சின்ன அடுப்படியில் முதலில் காலி செய்ய வேண்டியது அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் அலமாரியை. கைக்கு எட்டும் என்று மிளகாய்த்தூளையும் மல்லித்தூளையும் அங்கேதான் வைப்போம். ஆவியும் சூடும் பட்டுப் பட்டுத் தூள் கட்டி தட்டும், மணமும் போய்விடும். அங்கே பாத்திரங்களை வையுங்கள்.

அப்புறம், டப்பாவில் துவரம்பருப்பு கால்வாசி இருக்கும்போதே புதுப் பாக்கெட்டை மேலே கொட்டாதீர்கள். அடியில் கிடப்பது அடியிலேயே கிடந்து வண்டு பிடிக்கும். இப்படி 1 கிலோ பருப்பைப் பறிகொடுத்தவள் நான். பழையதைக் கிண்ணத்தில் எடுத்து, வண்டு இல்லையே என்று பாருங்கள். டப்பாவைக் கழுவி, ஈரம் போகக் காயவைத்து, புதியதை அடியிலும் பழையதை மேலேயும் போடுங்கள். பாக்கெட்டில் தேதி அச்சடித்த துண்டை வெட்டி டப்பாவில் ரப்பர் பேண்டு போட்டுவிட்டால் சரி, லேபிள் எல்லாம் எதற்கு?

ரவையை வாங்கியதுமே எண்ணெய் விடாமல் வறுத்து, நன்றாக ஆறிய பிறகு மூடுங்கள். அவசர உப்புமாவுக்கும் வேலை மிச்சம்.

வெங்காயமும் உருளைக்கிழங்கும் ஒரே கூடையில் வேண்டாம். வெங்காயத்துக்குக் காற்றோட்டம் போதும். உருளைக்கு இருட்டும் வேண்டும், வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகிவிடும்.