துகள் மிதக்கும் நீர்மத்தின் பாகுநிலை: ஒரு குழாய், ஒரு தராசு

பாகுநிலை என்பது நீர்மம் ஓட்டத்தை எதிர்க்கும் அளவு. துகள் கலந்த நீர்மத்தைக் குழாயில் ஓடவிட்டு, வெளிவருவதை எடைபோட்டு அதைக் கண்டறியும் முறை இது.

தேவையானவை: 2 மி.மீ. உள்விட்டமும் 1 மீட்டர் நீளமும் உள்ள கண்ணாடிக் குழாய், மட்டம் மாறாத தொட்டி, கலக்கி, 0.01 கிராம் காட்டும் தராசு, ஸ்டாப்வாட்ச், 50 மைக்ரான் பாலிஸ்டைரீன் மணிகள். பிளாஸ்டிக் குழாய் வேண்டாம், வளைந்தால் உள்விட்டம் மாறும். ஓட்டமானியும் தேவையில்லை; துகள் ஓடும் இடத்தில் தராசுதான் நம்பகமானது.

படி 1: கரைசல்

பாலிஸ்டைரீனின் அடர்த்தி மி.லிட்டருக்கு 1.05 கிராம். வெறும் நீரில் மணிகள் படிந்துவிடும். 93 கிராம் நீருக்கு 7 கிராம் உப்பு போட்டால் மிதந்தபடி நிற்கும். பருமத்தில் 20% வேண்டுமென்றால் 84 கிராம் உப்புநீரில் 21 கிராம் மணிகள். மணிகளை அளவுசாடியில் அளக்காதீர்கள், அதில் 40 விழுக்காடு காற்றிடைவெளிதான். மணிகள் திரளாமலிருக்க ஒரு துளி சோப்புக் கரைசல்.

படி 2: குழாயின் வாய்

பலருக்கும் கணக்கு உதைப்பது இங்கேதான். நீர் சொட்டுச் சொட்டாக விழுந்தால், ஒவ்வொரு சொட்டின் பரப்பு இழுவிசையும் ஓட்டத்தை எதிர்த்துத் தள்ளும். 1 மி.மீ. ஆரத்தில் அந்த எதிரழுத்தம் 140 பாஸ்கல் வரை போகும், 20 செ.மீ. நீர்மட்டம் தருவதே சுமார் 2,000 பாஸ்கல். அதனால் குழாயின் வாயை, வழிவதற்கு மூக்குள்ள ஒரு கிண்ணத்து நீர்மத்தில் மூழ்க வையுங்கள். கிண்ணம் ஏற்கெனவே நிரம்பி வழிந்துகொண்டிருக்க வேண்டும். வழிவதைப் பிடித்து எடைபோடுங்கள். தொட்டி நீர்மட்டத்தின் உயரத்தைக் கிண்ணத்து மட்டத்திலிருந்தே அளக்க வேண்டும்.

படி 3: ஆரம்

குழாயோட்டத்துக்கான பாய்செய் சமன்பாட்டில் (படி 4-இல் உள்ளது) ஆரம் நான்காம் அடுக்கில் வருவதால், விட்டத்தில் 2% பிழை பாகுநிலையில் 8% ஆகும். வெர்னியர் அளவுகோல் குழாயின் வாயை மட்டும்தான் அளக்கும். 20 டிகிரியில் தூய நீரை ஓடவிட்டு (பாகுநிலை 1.002 மில்லிபாஸ்கல் நொடி) ஆரத்தைப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். இதற்கு 5 செ.மீ. மட்டமே போதும்; வேகம் கூடினால் இயக்க ஆற்றல் இழப்பு (நீரை வேகப்படுத்தவே செலவாகும் அழுத்தம்) உள்ளே நுழையும்.

படி 4: அளவீடு

பாகுநிலை = 3.1416 × அழுத்தம் × ஆரம்⁴ ÷ (8 × நீளம் × ஓட்ட வீதம்). அழுத்தம் = அடர்த்தி × 9.8 × உயரம்; ஓட்ட வீதம் = பிடித்த எடை ÷ (அடர்த்தி × நேரம்). வந்த விடையை, அதே குழாயில் மணியில்லாமல் அளந்த உப்புநீரின் பாகுநிலையால் வகுக்கவும். நீரின் மதிப்பால் வகுத்தால் சுமார் 10% பிசகும். 20 விழுக்காட்டுக்கு ஏறத்தாழ 1.8 வரவேண்டும். துகள் கலந்த நீர்மத்துக்கான ஐன்ஸ்டைன் விதி 1.5 என்று சொல்லும். அது மிக நீர்த்த கரைசலுக்கு மட்டுமே.

சரிபார்ப்பு: விடை குறைந்துகொண்டே போனால், வெளிவந்த மணிகளை வடிகட்டி, உப்புப் போகக் கழுவி, உலர்த்தி எடைபோடுங்கள். 105 கிராமில் 21 கிராம் இல்லையென்றால் மணிகள் தொட்டியிலேயே தங்குகின்றன.

மட்டத்தை 5, 10, 15, 20 செ.மீ. என மாற்றி, அழுத்தத்தைக் கிடையச்சிலும் ஓட்ட வீதத்தை நிலையச்சிலும் வைத்து வரைபடம் போடுங்கள். கோடு மேல்நோக்கி வளைந்தால் நீர்மம் வேகத்தில் இளகுகிறது, அல்லது சுவரோரம் வழுக்குகிறது. எது என்றறிய அதே நீளமுள்ள 3 மி.மீ. குழாயில் மூன்றில் இரண்டு பங்கு அழுத்தம் கொடுத்து, ஓட்ட வீதத்தை ஆரத்தின் மும்மடியால் வகுத்து ஒப்பிடுங்கள். குறுகிய குழாயில் அந்த எண் கூடுதலாக வந்தால் வழுக்கல்தான்.