கிளட்ச் இல்லாத வாழ்க்கை: பிக்கப்பைக் கொடுத்துவிட்டு ஆட்டோமேட்டிக் எஸ்யூவி வாங்குவது எப்படி?

ஒன்பது வருடம் பிக்கப் ஓட்டினேன். திருநெல்வேலி மாவட்டம் களக்காட்டுப் பக்கம் வாழை போட்டிருப்பவனுக்கு அதுதான் லாரி, அதுதான் கார், பங்குனி உத்திரத்துக்கு சாஸ்தா கோயிலுக்குப் போக அதுதான் பஸ். வாழைத்தார் ஏற்றுகிற இடத்தில் தார்ப்பாயை விரித்து, பொங்கல் பானையும் பிள்ளைகளுமாகப் பின்னால் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறோம். சரக்கு வண்டியில் ஆள் ஏற்றக் கூடாது என்று தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் போனோம்.

இப்போது வியாபாரிகளே தோட்டத்துக்கு வண்டி கொண்டுவந்து தார் வெட்டி ஏற்றிக்கொள்கிறார்கள். என் இடது முழங்காலும் ஓய்ந்துவிட்டது. எக்ஸ்ரேயைத் தூக்கிப் பார்த்த டாக்டர், "இனி கிளட்ச் மிதிக்கிற வேலைய விட்டுருங்க" என்றார். அதனால் ஆட்டோமேட்டிக், வீட்டு ஆட்கள் எல்லாரும் ஏறுகிற மாதிரி எஸ்யூவி. வாங்கி ஆறு மாதம் ஆகிறது. போன் போட்டுக் கேட்கிறவர்களுக்குத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுத்துப்போய் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்த வண்டி வாங்கினேன் என்று மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் மீதியைப் படிக்காமல் நேராக ஷோரூமுக்குப் போய்விடுவீர்கள்.

படி 1: பிக்கப்பை உங்கள் பெயரிலிருந்து இறக்குங்கள்

லோன் முடிந்திருந்தால் பைனான்ஸ்காரரிடம் என்ஓசியும் (கடன் பாக்கி இல்லை என்ற சான்று) படிவம் 35-ம் வாங்கி ஆர்.சி.யில் இருக்கும் அடமானத்தை நீக்க வேண்டும். விற்கும்போது பேர் மாற்ற படிவம் 29, 30. வாங்குகிறவர் சொந்தக்காரராகவே இருக்கட்டும், "பேரை அப்புறம் மாத்திக்கிடலாம் அண்ணாச்சி" என்றால் சாவியைக் கொடுக்காதீர்கள். ஆர்.சி.யில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர், விபத்து நடந்தால் நஷ்ட ஈட்டுப் பொறுப்பும் அவருக்குத்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-லேயே சொல்லிவிட்டது.

இன்னொன்று. பிக்கப்பில் வருடக்கணக்காகச் சேர்த்த நோ க்ளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத வருடங்களுக்கு இன்சூரன்ஸில் கிடைக்கும் தள்ளுபடி) புதுக் காருக்கு வராது. அது சரக்கு வண்டி, இது தனியார் கார், வகுப்பு வேறு. அந்தத் தள்ளுபடியை நம்பிக் கணக்குப் போட்டு வைத்திருந்தேன். போச்சு.

படி 2: கோலப்பொடி

இது என் மனைவியின் யோசனை. கம்பெனி தருகிற நீள அகலத்தை எடுத்துக்கொண்டு, வீட்டு முற்றத்தில் அந்த அளவுக்குக் கோலப்பொடியால் ஒரு கட்டம் போட்டாள். நாலரை மீட்டருக்கு மேல் நீளமான ஒரு வண்டி மனசில் இருந்தது. கட்டம் போட்டுப் பார்த்தால் அதன் வால் வேப்பமரத்தைத் தாண்டித் தெருவில் நின்றது. பக்கத்தில் நின்று கதவு திறக்கிற மாதிரி கையை விரித்தேன், துளசி மாடம் இடித்தது. அந்த வண்டி அன்றைக்கே பட்டியலில் இருந்து போய்விட்டது.

அகலத்தில் ஒரு கோளாறு உண்டு. கம்பெனிகள் போடுகிற அகலத்தில் பெரும்பாலும் சைடு கண்ணாடி சேராது. கேட் அளவை டேப் வைத்துப் பாருங்கள், கண்ணாடிகளுக்கென்று இரண்டு பக்கமும் ஒரு சாண் விடுங்கள்.

அப்படியே எத்தனை பேர் என்பதையும் முடிவு செய்துவிடுங்கள். ஏழு சீட் என்றால் ஏழு பேரும் மூட்டை முடிச்சும் போகும் என்று பிக்கப் ஓட்டினவர்கள் நினைப்போம். ஆளுக்கு 65 கிலோ என்றால் ஏழு பேருக்கே 455 கிலோ. ஒன்றரை டன் ஏற்றின பழக்கத்தில் பின்னால் நாலு யூரியா மூட்டையும் போட்டால் (மூட்டை 45 கிலோ, கூட்டிப் பாருங்கள்) வண்டி முதுகு ஒடிந்து நிற்கும். மூன்றாவது வரிசையில் பெரியவர்கள் யாரையாவது உட்கார வைத்துப் பார்த்தபிறகு பேசுங்கள். என் மச்சினனை உட்கார வைத்தேன், முழங்கால் தாடையில் முட்டியது.

படி 3: "ஆட்டோமேட்டிக்" என்றால் எந்த ஆட்டோமேட்டிக்?

நான் தப்புப் பண்ணின இடம் இதுதான், அதனால் நிறுத்தி நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில் போன ஷோரூமில் பைபாஸில் நேரே கூட்டிக்கொண்டு போனார்கள். ஏசி ஜில்லென்று வீசியது, கிளட்ச் இல்லை, கியர் தானாக விழுந்தது. குழந்தை மாதிரி சந்தோஷப்பட்டு அன்றைக்கே பத்தாயிரம் ரூபாய் முன்பணம் கட்டிவிட்டேன். என்ன வகை கியர்பாக்ஸ் என்று கேட்கவே இல்லை. ஆட்டோமேட்டிக்கில் வகை இருக்கிறது என்பதே தெரியாது. பிறகு விஷயம் தெரிந்து ரத்து செய்தேன். அந்தப் பத்தாயிரத்தைத் திரும்ப வாங்க இரண்டு மாதம் நடந்தேன்.

நம் ஊர் விற்பனையில் நாலு வகை பார்க்கலாம்.

ஏஎம்டி: நம் பழைய மேனுவல் கியர்பாக்ஸேதான். உள்ளே கிளட்ச் இருக்கிறது, நம் காலுக்குப் பதில் ஒரு மோட்டார் அதை மிதிக்கிறது. விலை குறைவு, மைலேஜ் நன்றாக வரும். டாடா நெக்ஸான், பஞ்ச் மாதிரி வண்டிகளில் இருக்கிறது. கியர் மாறும்போது வண்டி ஒரு நொடி மூச்சு வாங்கும். தென்காசி ரோட்டில் பஸ்ஸை முந்தும்போது அந்த ஒரு நொடி ரொம்ப நீளம்.

டார்க் கன்வர்ட்டர்: எஞ்சினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவே கிளட்ச் தட்டு கிடையாது, எண்ணெய் வழியாகச் சுழற்சி கடத்தப்படுகிறது. இரண்டு மின்விசிறியை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால் காற்றிலேயே மற்றது சுற்றும் அல்லவா, அந்தக் கதைதான், காற்றுக்குப் பதில் எண்ணெய். பிரேக்கில் இருந்து காலை எடுத்தால் வண்டி மெல்ல ஊரும். பிரெஸ்ஸா, எர்டிகா பெட்ரோலிலும் க்ரெட்டா டீசல், ஸ்கார்பியோ-என், ஹாரியர் ஆகியவற்றிலும் 6 கியரோடு வருகிறது. எரிபொருள் கொஞ்சம் கூடக் குடிக்கும், குடிக்கட்டும்.

சிவிடி: பெல்ட்டும் இரண்டு கப்பியும். கியர் மாறுகிற வெட்டே தெரியாது. திருநெல்வேலி வண்ணாரப்பேட்டை நெரிசலில் தாலாட்டு மாதிரி இருக்கும். காலை அழுத்தினால் எஞ்சின் சத்தம் முன்னால் போகும், பின்னால்தான் வண்டி போகும். ஹோண்டா எலிவேட்டில் பார்த்தேன். டவுனுக்குள்ளேயே ஓட்டுகிறவர்களுக்கு நல்லது.

டிசிடி: இரண்டு கிளட்ச், மின்னல் மாதிரி கியர் மாறும். டர்போ பெட்ரோல் வண்டிகளில் அதிகம். உலர் கிளட்ச் உள்ள வகையில் ஊர்ந்து ஊர்ந்து போனால் சூடேறும். குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் தினமும் நிற்கிறவர் இதை யோசிக்கட்டும்.

என் கட்சி டார்க் கன்வர்ட்டர். பிக்கப்பின் இழுவைக்குப் பழகினவனுக்கு டீசலும் அதுவும் சேர்ந்தால்தான் வண்டி ஓட்டுகிற மாதிரியே இருக்கும். ஆனால் டீசல் வாங்கினால் ஒரு கண்டிஷன்: இப்போதைய பிஎஸ்6 (புகைக் கட்டுப்பாட்டு விதி) டீசலில் புகைக்கரியைப் பிடிக்க ஒரு வடிகட்டி இருக்கிறது, டிபிஎஃப் என்பார்கள். பிடித்த கரியை அது எரித்துத் தீர்க்க வண்டி கொஞ்ச நேரம் ஒரே வேகத்தில் ஓட வேண்டும். வீட்டுக்கும் தோட்டத்துக்கும் மூன்று கிலோமீட்டர் மட்டும் ஓட்டினால் அடைத்துக்கொண்டு விளக்கு எரியும். நான் வாரத்துக்கு ஒருநாள் நாங்குநேரி போய் நாற்கரச் சாலையில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வருகிறேன். அதற்கு வழியில்லை என்றால் பெட்ரோல் வாங்குங்கள்.

படி 4: டெஸ்ட் டிரைவை ஈரடுக்குப் பாலத்தில் வையுங்கள்

பைபாஸில் எந்த வண்டியும் நல்ல வண்டிதான். இரண்டாவது முறை புத்தி வந்து, வீட்டு ஆட்கள் ஐந்து பேரை ஏற்றிக்கொண்டு திருநெல்வேலி ஜங்ஷன் ஈரடுக்கு மேம்பாலத்துக்கு விடச் சொன்னேன். ஷோரூம் பையனுக்கு முகம் சுருங்கியது. பாதி ஏற்றத்தில் முன்னால் போன பஸ் நின்றது. நானும் நின்றேன். பஸ் நகர்ந்ததும் பிரேக்கில் இருந்து காலை எடுத்தேன், ஏஎம்டி வண்டி ஒரு நொடி யோசித்துவிட்டு ஒரு சாண் பின்னால் வந்தது. பின்னால் இருந்த ஆட்டோக்காரர் ஹாரனை அழுத்தியவர் விடவே இல்லை.

ஏற்றத்தில் வண்டியைக் கொஞ்ச நேரம் பிடித்து வைக்கும் ஹில் ஹோல்டு அந்த வேரியண்டில் (ஒரே மாடலில் விலைக்கேற்ற ரகம்) இல்லை. இருந்திருந்தாலும் இரண்டு நொடிபோலத்தான் பிடிக்கும், அதற்குள் ஆக்சிலேட்டரைத் தொட வேண்டும். ஆகவே "ஹில் ஹோல்டு உண்டா" என்று வேரியண்ட் பெயரைச் சொல்லிக் கேளுங்கள், "இந்த மாடல்ல உண்டு சார்" என்ற பதிலை நம்பாதீர்கள்.

அதே நாளில் அம்மாவை ஏற்றி இறக்கியும் பாருங்கள். என் அம்மாவுக்கு 74 வயது. ஒரு வண்டியில் சேலையைத் தூக்கிப் பிடித்து ஒரு காலை வைத்தவர், அடுத்த காலை வைக்க முடியாமல் கைப்பிடியைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். லாரி மாதிரி சேஸிஸ் மேல் உட்கார்ந்த எஸ்யூவிகள் பெரும்பாலும் உயரம். எங்களுக்கு ஒத்துவரவில்லை.

படி 5: பத்து லட்சக் கோடு

தமிழ்நாட்டில் சாலை வரி வண்டி விலையின் படிகளைப் பொறுத்தது. 5 முதல் 10 லட்சம் வரை 13 சதவீதம், 10-ல் இருந்து 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20. 9.90 லட்சம் வண்டிக்கு வரி 1.29 லட்சம் போல. 10.10 லட்சம் என்றால் 1.82 லட்சம். இருபதாயிரம் ரூபாய் வித்தியாசத்துக்கு ஐம்பதாயிரம் கூடுதல் வரி. விலை அந்தக் கோட்டுப் பக்கம் இருந்தால் சன்ரூஃபை விட்டுவிட்டு ஒரு வேரியண்ட் கீழே இறங்குங்கள். நம் வெயிலுக்கு சன்ரூஃப் எதற்கு?

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டியும் மாறியிருக்கிறது. 4 மீட்டருக்குள் நீளம், பெட்ரோல் 1200 சிசிக்குள், டீசல் 1500 சிசிக்குள் என்றால் 18 சதவீதம். இதில் எதைத் தாண்டினாலும் 40. பழைய வீடியோக்களில் சொல்கிற விலையை நம்ப வேண்டாம்.

படி 6: இடது காலைக் கட்டிப்போடுங்கள்

வண்டி எடுத்த மூன்றாம் நாள். ஏர்வாடி தாண்டி ஒரு வேகத்தடை. வேகம் குறைக்க வேண்டும் என்று மூளை சொன்னதும் ஒன்பது வருடப் பழக்கத்தில் இடது கால் கிளட்ச்சைத் தேடி முழு பலத்தோடு இறங்கியது. அங்கே கிளட்ச் இல்லை. ஆட்டோமேட்டிக்கில் பிரேக் பெடல் அகலம், அதன் ஓரத்தில் விழுந்தது. வண்டி குத்துக்கல் மாதிரி நின்றது. பின்சீட்டில் இருந்த அம்மாவின் நெற்றி முன்சீட்டில் மோதி, "எய்யா, யாரும் குறுக்க வந்துட்டாவளா?" என்று கேட்டார். பின்னால் வந்த பைக்காரன் ஒதுங்கிப் போனது அவன் சாமர்த்தியம்.

கிளட்ச்சை முழுசாக மிதிப்போம், பிரேக்கை வருடுவோம். இடது காலுக்கு அந்த வருடல் தெரியாது. அன்றைக்கு மனைவி சொன்ன வைத்தியம்தான் பலித்தது: "ஏங்க, அந்தக் கால மடக்கி சீட்டுக்கு அடியில வைங்க." குதிகாலைச் சீட்டுப் பக்கம் இழுத்து வைத்துவிட்டால் கால் எழும்புவதற்குள் மூளை விழித்துக்கொள்ளும். பள்ளிக்கூட மைதானத்தில் நாலு சாயங்காலம் இப்படிச் சுற்றினேன். இப்போது காலை அதற்கென்று இடது ஓரத்தில் இருக்கும் மேடையில் வைக்கிறேன். பின்சீட்டில் இருப்பவர்களும் பெல்ட் போடுகிறார்கள், அம்மா உள்பட.

நிறுத்தும்போதும் ஒரு வரிசை உண்டு. பிரேக்கை மிதித்தபடி 'என்' (நியூட்ரல்), அப்புறம் ஹேண்ட் பிரேக், பிரேக்கை விட்டு வண்டி அசையவில்லை என்று பார்த்து மறுபடி மிதித்து 'பி' (பார்க்கிங்). சரிவில் நேராக 'பி' போட்டுவிட்டு இறங்கினால் வண்டியின் மொத்த எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொண்டியில் தொங்கும்.

பின்சேர்க்கை 1

அம்பாசமுத்திரத்தில் இருந்து ஒருவர் கேட்டிருந்தார்: சொரிமுத்தையனார் கோயிலில் இருந்து பாபநாசம் இறங்கும்போது பிரேக் கருகல் வாடை வருகிறதே, வண்டியில் குறையா? குறை இல்லை. 'டி'-யிலேயே (டிரைவ்) இறங்கியிருப்பார். ஆக்சிலேட்டரில் காலை எடுத்ததும் கியர்பாக்ஸ் மேல் கியருக்குப் போய்விடும், எஞ்சின் பிடிக்காது, எல்லாப் பாரமும் பிரேக் மேல். மேனுவல் மோடுக்குத் தள்ளி இரண்டிலோ மூன்றிலோ நிறுத்துங்கள். சிவிடி என்றால் 'எல்' அல்லது 'எஸ்'. ஏறின கியரில் இறங்கு என்று பிக்கப்பில் படித்த பாடம் இதற்கும் பொருந்தும்.

பின்சேர்க்கை 2

பங்குனி உத்திரத்துக்குத் திசையன்விளைப் பக்கம் எங்கள் சாஸ்தா கோயிலுக்குப் போனோம். கடைசி அரை கிலோமீட்டர் தேரி மணல் (செம்மணல் மேடு). பிக்கப் எத்தனையோ முறை போன தடம்தானே என்று விட்டேன். புது வண்டிக்கு முன்சக்கரத்தில்தான் இழுவை, முன்சக்கரம் இரண்டும் செம்மண்ணில் குழி பறித்தன. சக்கரம் வழுக்கினால் எஞ்சின் பலத்தைக் குறைக்கும் டிராக்‌ஷன் கண்ட்ரோல் வேறு நடுவில் புகுந்து, அழுத்த அழுத்த வண்டி அடங்கிப்போனது. அதை அணைத்து, டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, சக்கரத்துக்கு முன்னால் பனையோலை போட்டு, ஸ்டீயரிங்கை நேராக வைத்து மெல்லக் கொடுத்த பிறகுதான் வெளியே வந்தது. தள்ளிவிட வந்த பெரியவர், "கியர் போடாத வண்டின்னா இப்படித்தான் அண்ணாச்சி" என்றார். அது கியரின் குற்றம் இல்லை என்று விளக்க நேரமில்லை, பொங்கல் வைக்க நேரமாகியிருந்தது.

பின்சேர்க்கை 3

பேட்டரி இறங்கினால் தள்ளி ஸ்டார்ட் பண்ணலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். டார்க் கன்வர்ட்டர் வண்டி அப்படி ஸ்டார்ட் ஆகாது. முன்சக்கரம் தரையில் உருளக் கயிறு கட்டி இழுக்கவும் கூடாது, கியர்பாக்ஸ் கெட்டுவிடும், முழு வண்டியையும் தட்டில் ஏற்றும் லாரிதான் வர வேண்டும். ஒரு ஜம்பர் கேபிள் வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். மலிவானதில் செம்புக் கம்பி நூல்போல இருக்கும், டீசல் எஞ்சினுக்குப் பத்தாது, தடித்ததாகப் பார்த்து வாங்குங்கள். என்னுடையது ஸ்டெப்னிக்குப் பக்கத்தில், பழைய பிக்கப் தார்ப்பாயில் சுருட்டி வைத்திருக்கிறேன்.