தக்காளி பறிக்கும் ரோபோவுக்கு மீன் துடுப்பைப் போன்ற விரல்களை அமைக்கும் முறை

தக்காளி பறிக்கும் கிரிப்பரை (பழத்தைப் பற்றிப் பிடிக்கும் ரோபோ கையை) வடிவமைக்கத் தொடங்குபவர்கள் பழத்தை எவ்வளவு மென்மையாகப் பிடிப்பது என்றே முதலில் கணக்கிடுகிறார்கள். பழம் செடியிலிருந்து எப்படிப் பிரிய வேண்டும் என்பதைத்தான் முதலில் தீர்மானிக்க வேண்டும். ஏனெனில் காம்பை நேராக இழுத்து அறுக்கத் தேவையான விசை பழத்தின் எடையைவிடப் பல மடங்கு அதிகம், அது முழுவதும் விரல்கள் வழியே பழத்தோலின் மீதே இறங்கும். பல தக்காளி வகைகளின் காம்பில் கணு போன்ற ஒரு மூட்டு உண்டு. பழத்தைப் பக்கவாட்டில் மடக்கித் திருப்பினால் காம்பு அங்கே ஒடிந்துவிடும் என்பதால், ரோபோவின் மணிக்கட்டுக்கு மடங்கும் அசைவும் சுழலும் அசைவும் அவசியம். (ஸ்ட்ராபெரிக்கு இது பொருந்தாது, அதன் பழத்தைத் தொடாமல் காம்பைப் பற்றி வெட்டுவதே நல்லது.)

விரலின் வடிவத்துக்கு மீன் துடுப்பு சிறந்த முன்மாதிரி. அழுத்தப்படும் துடுப்பு விலகிச் செல்லாமல் அழுத்தும் பொருளை நோக்கியே வளைவதை ஜெர்மானியரான லைஃப் க்னீசே 1997இல் கவனித்தார். பின்னர் ஃபெஸ்டோ நிறுவனம் இந்தத் தத்துவத்தில் கிரிப்பர் விரல்களை உருவாக்கியது. நுனியில் கூடும் இரண்டு நீண்ட சுவர்களும் அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்களுமே இதன் கட்டமைப்பு. முன்சுவரின் நடுவில் பழம் அழுந்தும்போது நுனி தானாகவே பழத்தைச் சுற்றி வளைவதால், ஒவ்வொரு விரலுக்கும் ஒரே ஒரு மூட்டசைவு போதும்.

80 மி.மீ. நீளம், அடியில் 25 மி.மீ. ஆழம், 1.5 மி.மீ. சுவர், 1 மி.மீ. சட்டம் என்ற அளவுகளில் தொடங்கலாம். தடிமனை மாற்றும்போது நிதானம் தேவை: சுவரின் விறைப்பு தடிமனின் மும்மடிக்கு ஏற்ப உயர்வதால், தடிமன் இரட்டித்தால் விறைப்பு 8 மடங்காகும். ஷோர் அளவுகோலில் 85ஏ கடினத்தன்மையுள்ள டிபியு (ரப்பர் போல வளையும் நெகிழி) இழையில், விரலைப் பக்கவாட்டில் படுக்கவைத்து முப்பரிமாண அச்சு இயந்திரத்தில் அச்சிட வேண்டும். நிற்கவைத்து அச்சிட்டால் வளையும்போது அடுக்குகள் பிரிந்துவிடும்.

100 கிராம் பழத்தின் எடை ஏறக்குறைய 1 நியூட்டன். மூன்று விரல்கள், 0.5 உராய்வுக் கெழு என்று கொண்டால் ஒவ்வொரு விரலும் சுமார் 0.7 நியூட்டன் அழுத்த வேண்டும். அசைவின் முடுக்கத்தையும் பனி ஈரத்தையும் கருதி அதை 1.3 நியூட்டனாக வைத்துக்கொள்ளலாம். சமையலறை மின்தராசின் மீது விரலை அழுத்தி, 130 கிராம் காட்டும் நிலையில் சர்வோவின் (விரலை அசைக்கும் மோட்டாரின்) எல்லையைக் குறித்துக்கொண்டால் தனி உணரி இல்லாமலே தொடங்கிவிடலாம். இது பிடித்து வைப்பதற்கான கணக்கு மட்டுமே. மடக்கித் திருப்பும்போது பழம் விரல்களுக்குள் வழுக்கினால், எல்லையைச் சிறிது சிறிதாக உயர்த்த வேண்டும்.

சோதனையின் முடிவை அன்றே எழுதிவிடக் கூடாது. உள்காயம் உடனே தெரியாது என்பதால், ரோபோ பறித்த பழங்களையும் கையால் பறித்தவற்றையும் ஒரே அறையில் சில நாட்கள் வைத்து ஒப்பிட வேண்டும்.

பலரும் கவனிக்காதது தூய்மை. சட்டங்களுக்கிடையே செடியின் சாறு படியும். தக்காளியைத் தாக்கும் பழுப்புச் சுருக்க வைரஸ் கருவிகள் வழியாகவும் பரவும். எனவே விரலை ஒரே திருகில் கழற்றிக் கழுவி, கிருமி நீக்கி, மீண்டும் மாட்டும்படி அமைப்பது கட்டாயம்.