மிர்ரா ஆண்ட்ரீவாவைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

2025 பிப்ரவரியில் துபாய், மார்ச்சில் இந்தியன் வெல்ஸ் என்று 17 வயதில் அடுத்தடுத்து இரண்டு டபிள்யூடிஏ 1000 பட்டங்களை ரஷ்ய டென்னிஸ் வீராங்கனை மிர்ரா ஆண்ட்ரீவா வென்றார். டபிள்யூடிஏ என்பது மகளிர் டென்னிஸ் சங்கம்; அதன் சுற்றில் கிராண்ட்ஸ்லாமுக்கு அடுத்த நிலைப் போட்டிகள்தான் 1000. அதிலிருந்து, டென்னிஸ் பற்றி எழுதத் தொடங்கும் இளைஞர்கள் பலர் முதலில் கையிலெடுப்பது அவர் கதையைத்தான். சந்தோஷம்தான். ஆனால் என்னிடம் படித்துப் பார்க்கச் சொல்லி வருகிற கட்டுரைகளில், எங்கள் வயதுக்காரர்கள், சின்ன வயதிலேயே ஜெயித்த ஹிங்கிஸையும் ஷரபோவாவையும் பற்றி எழுதியபோது இருந்த அதே கோளாறுகள் இருக்கின்றன. ஸ்கோரை மாற்றிப் போடுவது, ஊர்ப் பெயரைத் தப்பாக எழுதுவதெல்லாம் நீங்களே திருத்திக்கொள்வீர்கள். நானாகச் சொல்லியே ஆக வேண்டியவை மட்டும் இங்கே.

"மாட்ரிட்டில் திடீரென்று தோன்றினார்"

2023 ஏப்ரலில் மாட்ரிட்டுக்கு அவர் வந்தது வைல்டு கார்டில், அதாவது போட்டி நடத்துவோர் தரும் சிறப்பு அனுமதியில்; உலகத் தரவரிசையில் 194-ஆம் இடத்தில். லெய்லா ஃபெர்னாண்டஸையும் ஹடாட் மையாவையும் வீழ்த்தினார். 16-ஆவது பிறந்தநாளன்று மக்டா லினெட்டையும் தோற்கடித்தார். எல்லாக் கட்டுரையும் இங்கேதான் தொடங்குகிறது. அதே ஆண்டு ஜனவரியில் மெல்போர்னில் நடந்த ஆஸ்திரேலிய ஓபன் ஜூனியர் இறுதிப் போட்டியை யாரும் தொடுவதில்லை. எதிரில் அலினா கோர்னீவா. இருவருக்கும் 15 வயது. மூன்று மணி நேரத்துக்கும் மேல் ஆடி, முதல் செட்டை வென்றும், மூன்றாவது செட்டில் 7-5 என்று கோர்னீவாவிடம் இழந்தார் மிர்ரா. அதற்கும் முன்னால் சைபீரியாவின் கிராஸ்னோயார்ஸ்க், சோச்சி, மாஸ்கோ, பிறகு பிரான்ஸின் கான் நகரப் பயிற்சி மையம் என்று ஊர் ஊராகக் குடும்பம் மாறிய ஆண்டுகள் இருக்கின்றன. அவற்றை விட்டால் மாட்ரிட் வெறும் அதிசயமாகிவிடும்.

வயது விதியைப் படிக்காமல் எழுதுவது

எனக்கு இன்றும் கோபம் வருவது இதில்தான்.

ஒரு தம்பி அனுப்பிய கட்டுரை. நன்றாகவே எழுதக்கூடியவர். 2023 விம்பிள்டனில் தகுதிச் சுற்றிலிருந்து நான்காவது சுற்று வரை வந்த மிர்ரா, அந்த ஆண்டு மற்ற வீராங்கனைகளைவிட மிகக் குறைவான போட்டிகளில் ஆடியதைக் கணக்கெடுத்திருந்தார். கணக்கு சரி. அதிலிருந்து அவர் வந்து சேர்ந்த முடிவுதான் தப்பு: உடம்பு தாங்கவில்லை, காயத்தை மறைக்கிறார்கள், குடும்பம் பயப்படுகிறது. காரணம் டபிள்யூடிஏவின் விதிப் புத்தகத்தில் இருந்தது. 18 வயது நிறையாதவர்கள் ஆண்டுக்கு எத்தனை தொழில்முறைப் போட்டிகளில் ஆடலாம் என்பதற்கு வரம்பு உண்டு. அப்போதைய அடிப்படைக் கணக்கு 15 வயதில் 10, 16 வயதில் 12, 17 வயதில் 16. சாதித்தவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகக் கிடைக்கும். இந்த விதியில் ஆண்டு என்பது ஜனவரியில் தொடங்குவதில்லை, பிறந்தநாளுக்குப் பிறந்தநாள் ஓடுகிறது.

இதை ஏன் கொண்டுவந்தார்கள் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஜெனிஃபர் காப்ரியாட்டி 1990-இல், 14 வயது நிறையும் முன்பே தொழில்முறை ஆட்டக்காரர் ஆனார். அதே ஆண்டு பிரெஞ்சு ஓபனில் அரையிறுதி. 1992 பார்சிலோனா ஒலிம்பிக்கில் ஸ்டெஃபி கிராஃபை வென்று தங்கம். 1993 முடிவதற்குள் களைத்துப்போய் ஆட்டத்தை விட்டு விலகினார். திரும்பி வந்து 2001-இல் இரண்டு கிராண்ட்ஸ்லாம் பட்டங்களை வென்றது அவருடைய மன உறுதி. ஆனால் இடையில் போன வருடங்கள் போனவைதான். அவருக்கு முன்பே டிரேசி ஆஸ்டின், ஆண்ட்ரியா யேகர் இருவரையும் காயங்கள் சீக்கிரமே முடக்கியிருந்தன. 1995-இல் விதி நடைமுறைக்கு வந்தது. அதற்குச் சற்று முன், 1994 அக்டோபரிலேயே ஹிங்கிஸும் வீனஸ் வில்லியம்ஸும் தொழில்முறைக்குள் வந்துவிட்டார்கள். 2024 பிரெஞ்சு ஓபனில் சபலென்காவை வென்று மிர்ரா அரையிறுதிக்கு வந்தபோது, "1997-இல் ஹிங்கிஸுக்குப் பிறகு மிக இளையவர்" என்று எல்லோரும் எழுதினோம். அந்த வரி உண்மை. ஆனால் இருவரும் வளர்ந்த விதிமுறைகள் வேறு வேறு என்று கூடவே ஒரு வரி சேர்க்காவிட்டால் ஒப்பீடு கோணலாகிவிடும்.

இன்னொன்றும் கவனியுங்கள். தரவரிசைக்குச் சேர்க்கப்படும் போட்டிகளின் உச்ச எண்ணிக்கையே 16 வயதுக்கான அந்த 12-ஐவிட அதிகம். மற்றவர்கள் முழுக்கணக்கில் சேர்த்த புள்ளிகளுக்கு எதிரே, குறைந்த வாய்ப்புகளில் சேர்த்த புள்ளிகளை வைத்துக்கொண்டு, 2023 முடிவில் அவர் முதல் 50 பேருக்குள் நின்றார். தரவரிசை அவருடைய ஆட்டத்தைக் குறைத்துக் காட்டியது. அந்தக் கட்டுரையில் எழுத வேண்டிய செய்தி இதுதான். அதை விட்டுவிட்டு இல்லாத காயத்தைத் தேடினார் தம்பி.

இது வெறும் தகவல் பிழை என்றால் நான் இவ்வளவு சொல்ல மாட்டேன். 13 வயதுப் பெண்ணின் அப்பா ஒருவர் எனக்குப் போன் செய்தார். "சார், அந்தப் பொண்ணு பதினாறு வயசுலயே பெரியவங்களோட ஆடி ஜெயிக்குது. என் பொண்ணு மாசத்துக்கு மூணு டோர்னமென்ட் ஆடினா தப்பா?" அந்தச் சிறுமிக்கு ஏற்கெனவே தோள்பட்டை வலி. அவர் படித்திருந்த எந்தக் கட்டுரையிலும், மிர்ராவைக் கட்டுப்படுத்திய எண்ணிக்கை ஒரு இடத்தில்கூட இல்லை. சின்ன வயதில் ஜெயித்தார் என்ற பாதி மட்டும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது. குறைவாக ஆட வைக்கப்பட்டார் என்ற மறுபாதியை நாம்தான் அங்கே கொண்டுபோயிருக்க வேண்டும்.

"அடுத்த ஷரபோவா"

எழுதாதீர்கள், ஆட்டமே வேறு.

எந்த ஆண்ட்ரீவா?

அக்கா எரிக்காவும் டபிள்யூடிஏ வீராங்கனைதான். 2024-இல் வூஹானில் தங்கையை 6-3, 6-1 என்று வென்றவர். முதல் பெயரைப் போடுங்கள்.

எல்லாப் புகழையும் பயிற்சியாளருக்குக் கொடுப்பது

கொன்சிதா மார்டினெஸ் 1994 விம்பிள்டன் சாம்பியன். அவர் வந்த பிறகு மிர்ராவின் ஆட்டத்தில் நிதானம் கூடியது என்பது என் கருத்தும்தான். ஆனால் தேதியைப் பாருங்கள். மார்டினெஸ் அவரோடு சேர்ந்தது 2024 ஏப்ரலில். ஆஸ்திரேலிய ஓபனில் ஓன்ஸ் ஜாபரை 6-0, 6-2 என்று மிர்ரா வென்றது அதற்கு மூன்று மாதம் முன்பு. அதே தொடரில் டியான் பாரிக்கு எதிராகக் கடைசி செட்டில் 1-5 என்று பின்தங்கியிருந்து மீண்டு வந்ததும் அப்போதுதான்.

"ரஷ்யாவுக்கு வெள்ளி"

பாரிஸ் ஒலிம்பிக் இரட்டையர் ஆட்டத்தில் மிர்ராவும் டயானா ஷ்னைடரும் வெள்ளி வென்றது தனிநபர் நடுநிலை வீரர்களாக. பதக்கப் பட்டியலில் அது ரஷ்யாவின் கணக்கில் இல்லை. உக்ரைன் போர் தொடங்கிய 2022-லிருந்து டென்னிஸ் சுற்றுப் போட்டிகளிலும் ரஷ்ய, பெலாரஸ் ஆட்டக்காரர்கள் கொடியில்லாமல் ஆடினார்கள். அந்த ஆண்டு விம்பிள்டன் அவர்களைச் சேர்க்கவே இல்லை. 2023-இல் கதவு திறந்த முதல் விம்பிள்டனில்தான் மிர்ரா நான்காவது சுற்றுக்குப் போனார். அவர் எழுச்சியின் காலப் பின்னணி இது. ஒரு பத்தியாவது கொடுங்கள்.

ஒரு தோல்வியைப் பார்த்துச் "சரிவு" என்பது

2025 பிரெஞ்சு ஓபன் காலிறுதியில், 361-ஆம் இடத்திலிருந்த பிரெஞ்சு வைல்டு கார்டு லோயிஸ் புவாஸோனிடம் தோற்றார். மறுநாளே "சரிகிறாரா மிர்ரா?" என்று தலைப்புகள். தரவரிசை 52 வாரக் கணக்கு. சென்ற ஆண்டு அதே வாரத்தில் எடுத்த புள்ளி கழியும், இந்த ஆண்டு எடுத்தது சேரும். பாரிஸில் 2024-இல் அரையிறுதிக்கு 780, 2025-இல் காலிறுதிக்கு 430. அதாவது 350 நஷ்டம். விம்பிள்டனில் முந்தைய ஆண்டு முதல் சுற்றிலேயே வெளியேறியதற்கு 10, 2025 காலிறுதிக்கு 430. அங்கே 420 லாபம். ஜூலையில் அவர் 5-ஆம் இடத்தில் இருந்தார். தலைப்பு வைப்பதற்கு முன் சென்ற ஆண்டின் அதே வாரத்தைத் திறந்து பாருங்கள், இரண்டு நிமிட வேலை.