காலிஸ்டோ எவ்வளவு அழுக்கு? மொட்டை மாடியிலிருந்தே அளக்கலாம்

வியாழனின் நிலவுகளான யூரோப்பா, காலிஸ்டோ இரண்டிலும் பனிக்கட்டி உண்டு. ஆனால் யூரோப்பா பளிச், காலிஸ்டோ மங்கல். எத்தனை மடங்கு என்பதைக் நம்ம குப்பம் ஊர் மாடியிலிருந்தே கணக்குப் போடலாம். கிழக்கே ஜவ்வாது மலையில், காவலூர் ஆய்வகத்தில் 1972-லேயே வியாழனின் இன்னொரு நிலவான கேனிமீட் ஒரு நட்சத்திரத்தை மறைத்ததை அளந்திருக்கிறார்கள். நமக்கு அவ்வளவு பெரிய கருவி வேண்டாம். நாலு இஞ்ச் தொலைநோக்கியும், ரா கோப்பு (கேமரா திருத்தாத மூலப் படம்) எடுக்கும் கேமராவும் போதும்.

படி 1: தை, மாசியில் பனிமூட்டம் இல்லாத இரவாகப் பாருங்கள். வியாழன் நன்றாக மேலே ஏறியிருக்க வேண்டும். இரண்டு நிலவும் வியாழனை விட்டு விலகி நிற்கின்றனவா, எது எது என்பதை ஸ்டெல்லேரியம் என்ற வான்வரைபடச் செயலி சொல்லும்.

படி 2: ஆட்டோ எல்லாவற்றையும் அணையுங்கள். வியாழன் வெளுத்துப்போனால் போகட்டும், நிலவுகள் வெளுக்கக் கூடாது. ஃபோகஸைத் துளி கலைத்து, இருபது படமாவது எடுங்கள். ஜேபெக் ஆகாது, அதில் கேமராவே வெளிச்சத்தைத் திருத்திவிடும்.

படி 3: ரா கோப்புகளை ஃபிட்ஸ் (வானியல் படக் கோப்பு வடிவம்) ஆக்கி, பச்சை சேனலை மட்டும் ஒளியை அளக்கும் ஆஸ்ட்ரோஇமேஜ்ஜே மென்பொருளில் திறங்கள். இரண்டு நிலவையும் சுற்றி ஒரே அளவு வட்டம் போட்டு, உள்ளே உள்ள ஒளியை அளங்கள். வானத்தின் ஒளியைக் கழிக்க வட்டத்தைச் சுற்றிப் போடும் பின்புல வளையத்துக்குள் வியாழனின் ஒளிச்சிதறல் ஏறியிருந்தால் அந்தப் படத்தைத் தூக்கிப் போடுங்கள். இரண்டும் ஒரே படத்தில் இருப்பதால், நம்மூர் தூசியும் மேல்காற்றும் இரண்டையும் ஒரே மாதிரிதான் மங்கவைக்கும். காலிஸ்டோவின் ஒளியை யூரோப்பாவின் ஒளியால் வகுத்தால் அது அடிபட்டுப் போகும். இந்த முறையின் பலமே அதுதான்.

படி 4: காலிஸ்டோவின் விட்டம் 4,821 கி.மீ., யூரோப்பாவுடையது 3,122. வட்டப் பரப்பில் காலிஸ்டோ 2.4 மடங்கு. இரண்டின் மேற்பரப்பும் ஒரே அளவு பளிச்சென்று இருந்தால் ஒளியும் 2.4 மடங்கு வர வேண்டும். உங்கள் அளவில் அந்த வகுத்த எண் 0.7 சுமாருக்குத்தான் வரும். 0.7-ஐ 2.4-ஆல் வகுத்தால் 0.3. யூரோப்பாவின் எதிரொளித்திறன் (மேலே விழும் ஒளியில் திருப்பி அனுப்பும் பங்கு) 0.67, பெருக்கினால் காலிஸ்டோவுக்கு 0.2. விண்கலங்கள் தந்த எண்ணுக்குப் பக்கத்திலேயே வந்துவிட்டோம்!

ஆனால் அந்த அழுக்கு என்ன பொருள் என்பதை இந்த எண் சொல்லாது. பனிக்கட்டி 1.5, 2 மைக்ரோமீட்டர் அகச்சிவப்பை விழுங்கும். அதைப் பார்க்க நம் கேமராவின் சிலிக்கானால் முடியாது.

படி 5, பொறுமை இருந்தால்: யூரோப்பா வியாழனுக்குக் கிழக்கே இருக்கும்போது ஒரு தடவை, இரண்டு இரவு தள்ளி மேற்கே போனதும் இன்னொரு தடவை அளங்கள். மேற்கே இருக்கையில் நமக்குத் தெரிவது அதன் பின்முகம், அதாவது அது சுற்றும் திசைக்குப் பின்பக்கம். வியாழனின் மற்றொரு நிலவான ஐயோவிலிருந்து வந்த கந்தகம் படிந்த முகம் அது. சற்று மங்கலாகவே இருக்கும். காலிஸ்டோ ஒரு சுற்றுக்குக் கிட்டத்தட்ட 17 நாள் எடுப்பதால் இந்த இடைவெளியில் அதிகம் திரும்பாது. ஒப்பிட அதையே வைத்துக்கொள்ளலாம்.